முல்தானி மட்டியோடு ஆறு வருஷம்: பூசுவது சுலபம், கழுவுவதுதான் பாடு

நேற்றுக் காலை வாஷ் பேசினில் தண்ணீர் இறங்கவே இல்லை. பிளம்பர் வந்து கீழே குழாயோடு இருந்த பாட்டில் டிராப் என்ற குப்பியைக் கழற்றி, அடிமூடியைத் திருகி, வாளியில் கவிழ்த்தார். வெளிறிய மஞ்சள் நிறத்தில், கொழகொழவென்று, ஒரு டம்ளர் அளவுக்குச் சேறு விழுந்தது. இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்துவிட்டு, "இது மண்ணும்மா. இவ்வளவு மண்ணு எப்படி உள்ள போச்சு?" என்று கேட்டார். எனக்குப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது: ஆறு வருஷமாக நான் முகத்தில் பூசிக் கழுவும் முல்தானி மட்டி மண். கூலி 400 ரூபாய்.

மத்தியானம் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பெண் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "அக்கா, 100 ரூபாய்க்குள்ள நல்ல ஃபேஸ் மாஸ்க் எதுக்கா? ஹாஸ்டலுக்குக் கட்டினது போக கையில ஒண்ணும் நிக்க மாட்டேங்குது" என்றாள். வேறொரு நாள் கேட்டிருந்தால் யோசிக்காமல் முல்தானி மட்டி என்று சொல்லியிருப்பேன். நேற்று வாய் வரவில்லை. நாளைக்குச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன். அவளுக்குச் சொல்ல வேண்டியதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். என்னுடையது எண்ணெய் வழியும் முகம். காலையில் கழுவிக்கொண்டு கிளம்பினால் பதினோரு மணிக்கெல்லாம் நெற்றியும் மூக்கும் பளபளக்கும். முல்தானி மட்டிக்கு வருவதற்கு முன்னால் ஷீட் மாஸ்க் போட்டுப் பார்த்தேன். ஒன்று 80, 100 ரூபாய், ஒரு தடவைதான் போடலாம். அன்று சாயங்காலம் முகம் குளுமையாக இருக்கும், மறுநாள் பழைய கதைதான். உரித்தெடுக்கும் கரி மாஸ்க் வாங்கினேன். கன்னத்துப் பூனை முடியையும் சேர்த்துப் பிடுங்கியதில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இந்த மண்ணோ நாட்டு மருந்துக் கடையில் நான் வாங்கும்போது 100 கிராம் 40 ரூபாய்க்குள் கிடைக்கிறது. ஒரு தடவைக்கு இரண்டு டீஸ்பூன் போதும். வாரம் ஒரு முறை என்றால் ஒரு பாக்கெட் இரண்டு மாதத்துக்கு மேல் வரும்.

வேலையும் செய்கிறது. முல்தான் இன்று பாகிஸ்தானின் பஞ்சாபில் இருக்கும் ஊர், பெயர் அங்கிருந்து வந்தது. நம் ஊருக்கு வருவதில் நிறைய ராஜஸ்தான் மண். ஆட்டு ரோமத்தில் ஒட்டியிருக்கும் பிசுக்கை எடுக்கக் கம்பளி நெய்பவர்கள் காலங்காலமாகப் பயன்படுத்திய மண் வகை இது. மூக்கின் இரண்டு ஓரமும் கழுவிய பிறகு எப்படி இருக்கும் என்று எனக்குத்தான் தெரியும். விரல் வழுக்காது, துடைத்த சிலேட்டு மாதிரி இருக்கும். அந்த ஒரு சாயங்காலத்துக்காகவே ஆறு வருஷமாக விடாமல் போடுகிறேன். மறுநாள் மத்தியானத்துக்குள் எண்ணெய் திரும்பிவிடும், அது வேறு. சில பாக்கெட்டில் "வெண்மை தரும்" என்று போட்டிருப்பார்கள். அதை நம்ப வேண்டாம். மேலே இருக்கும் எண்ணெயை எடுக்கும், அவ்வளவுதான். யாருடைய நிறமும் மாறாது, மாற வேண்டியதும் இல்லை. பழுத்து வலிக்கும் பருவுக்கும் இது மருந்து இல்லை, தோல் டாக்டரைத்தான் பார்க்க வேண்டும்.

கோபமெல்லாம் கழுவுவதில்தான். எப்படிக் குழைப்பது, என்ன கலப்பது என்று ஆயிரம் பேர் சொல்கிறார்கள். எப்படி எடுப்பது என்று ஒருவரும் சொல்வதில்லை. காய்ந்து வெடிக்கும் வரை விட வேண்டும் என்று நானும் நம்பிக்கொண்டிருந்தேன். சிரித்தால் கன்னத்தில் கோடு விழும், அதுதான் பதம் என்று நினைத்தேன். அப்படிக் காய்ந்ததை எடுக்கத் தேய்க்க வேண்டும். தேய்த்தால் எரியும். புருவத்திலும் முன்நெற்றி முடியிலும் ஒட்டிக்கொண்டது காலையில் தலை சீவும்போது தூளாக உதிரும். துண்டில் கறை. வாயோரம் தோல் உரிந்து, சாம்பார் பட்டாலே சுரீரென்றது. இரண்டு வருஷம் இப்படித் தோலைப் படுத்திய பிறகுதான் புரிந்தது: ஏழெட்டு நிமிஷம் போதும். ஓரம் வெளுத்து, நடுவில் இன்னும் ஈரம் இருக்கும்போதே எடுத்துவிட வேண்டும்.

ஆரம்பத்தில் எனக்கு ஒரு நல்ல பழக்கம் இருந்தது. நான் இதைத் தொடங்கியது 2019 கோடையில். சென்னையில் ஏரிகள் வற்றி, தெருத்தெருவாகத் தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு நின்ற கோடை அது. முகத்து மண்ணுக்கு யார் ஒரு வாளி தண்ணீர் கொடுப்பது? அப்பாவின் பழைய வேட்டியைக் கிழித்து, ஒரு கிண்ணம் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, முகத்தில் ஒரு நிமிஷம் அப்படியே போட்டு வைப்பேன். மண் தானாக இளகிவிடும். மெதுவாக ஒற்றி எடுத்தால் போதும், தேய்க்கவே வேண்டாம். கிண்ணத்துத் தண்ணீர் செம்பருத்தித் தொட்டிக்குப் போகும். மழை வந்தது, குழாயில் தண்ணீர் வந்தது, துணியை மறந்துவிட்டு நேராக பேசினில் கழுவ ஆரம்பித்தேன். நனைந்தால் ஊதுவது இந்த மண்ணின் குணம், தண்ணீரை உள்ளுக்குள் பிடித்து வைத்துக்கொள்ளும். டிராப்பில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் தேங்கி நிற்கும், அங்கே போய்ப் படிந்துகொண்டே இருந்திருக்கிறது. 400 ரூபாய் என்றால் பத்துப் பாக்கெட்டின் விலை. அதுதான் ஆறவில்லை.

கலப்பதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வெறும் தண்ணீரே போதும். பனிக்காலத்தில் கெட்டித் தயிர். எலுமிச்சை வேண்டவே வேண்டாம், தோல் தாங்காத புளிப்பு அது, வெயிலும் சேர்ந்தால் கருத்துப்போகும். கற்றாழை என்றால் மடலை வெட்டி நிமிர்த்தி வைத்து, அந்த மஞ்சள் பால் முழுக்க வடிந்த பிறகுதான் எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் அரிக்கும்.

அப்புறம் இந்தக் குருணை. உதிரியாக நிறுத்துக் கொடுக்கும் பொடியில் மணல் இருக்கிறது. டீ வடிகட்டியில் சலித்தாலும் போவதில்லை. கன்னத்தில் நரநரவென்று இழுக்கும், ஒரு தடவை மெல்லிய கீறலே விழுந்துவிட்டது. அம்மா அரிசியில் கல் அரிப்பதைப் பார்த்துத்தான் வழி கிடைத்தது. தண்ணீர் நிறைய விட்டுக் கரைத்து, கிண்ணத்தை ஒரு சுழற்றுச் சுழற்றி, பத்து எண்ணிவிட்டு மேலே நிற்பதை வேறு கிண்ணத்தில் சாய்த்தால் மணல் அடியிலேயே தங்கிவிடும். சாய்த்ததை ராத்திரி தெளிய விட்டால் காலையில் அடியில் வெண்ணெய் மாதிரி மண். இவ்வளவையும் வாங்குகிறவள்தான் செய்ய வேண்டுமா? பொடித்து விற்பவர்கள் ஒழுங்காகச் சலித்துக் கொடுத்தால் என்ன?

ஆகவே அவளுக்கு என் பதில்: வாங்காதே. ஹாஸ்டலில் நாலு பேருக்கு ஒரு பேசின், அது அடைத்துக்கொண்டால் பழி உன் மேல்தான் விழும். உன் தோலும் என்னுடையது போல எண்ணெய்த் தோல் இல்லை, வறண்ட தோல். பாசிப்பயறு மாவைத் தயிரில் குழைத்துப் போட்டுக்கொள், மளிகைக் கடையிலேயே கிடைக்கும். ஒரு தடவையாவது பார்த்தே ஆக வேண்டும் என்று தோன்றினால் அதற்கும் காசு செலவழிக்காதே. அரித்துக் காயவைத்த மண் என் டப்பாவில் பாதி இருக்கிறது, திங்கட்கிழமை கொண்டுவருகிறேன். வேட்டித் துணியும் ஒரு துண்டு சேர்த்துத் தருகிறேன். மூக்கின் மேல் மட்டும் பூசு, கழுவிய தண்ணீரைச் செடிக்கு ஊற்று.