கான்கிரீட் வளையமும் சீகை மரமும்: மீட்புப் பயிற்சி முடித்து மூன்று வருடம்

சமவெளியில் ஆறு நாள் மீட்புப் பயிற்சிக்குப் போய் வந்து இந்த மழைக்காலத்தோடு மூன்று வருடம் ஆகிறது. நான் நீலகிரியில் ஒரு தீயணைப்பு நிலையத்தில் வேலை பார்க்கிறேன். பயிற்சி முடிந்த வாரத்தில் கேட்டிருந்தால் பத்துக்குப் பத்து மார்க் போட்டிருப்பேன். இப்போது கேட்டால் ஆறு. அடுத்த பேட்சில் போகிற மலைக்காரத் தம்பிகளுக்காக, அந்த ஆறு எதற்கு, மிச்ச நாலு எங்கே போனது என்று எழுதுகிறேன்.

ஆறில் பாதி புகை அறைக்கே போய்விடும். ஜன்னல் இல்லாத தகரக் கொட்டகை, உள்ளே ஈர வைக்கோல் புகை. இடது கை சுவரை விடக்கூடாது, வலது புறங்கையால் துழாவிக்கொண்டு தவழ வேண்டும். புறங்கை எதற்கென்றால், கரண்ட் கம்பி உள்ளங்கையில் பட்டால் கை அதையே இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். முதுகில் பி.ஏ. செட், அதாவது சுவாசக் காற்றுக் கருவி. சிலிண்டர் 6 லிட்டர், 300 பார் அழுத்தம், ஆக 1,800 லிட்டர் காற்று. நிமிடத்துக்கு 40 லிட்டர் என்று வைத்தால் 45 நிமிடம் வரும் என்று போர்டில் எழுதிக் காட்டினார்கள். எனக்கு 22ஆவது நிமிடமே, காற்று தீரப்போகிறது என்கிற விசில் அடித்துவிட்டது. பயத்தில் காற்றை வாரி இறைத்திருக்கிறேன்! வெளியே வந்ததும் எல்லாரும் சிரித்தார்கள். ஆனால் அந்த 22 என் சொந்தக் கணக்கு. போன வருடம் ஒரு கடையின் கிடங்கு எரிந்தபோது உள்ளே போனேன். கேஜைப் பார்த்துவிட்டு, கூட வந்தவனிடம் "போதும், திரும்புவோம்" என்றேன். சிலிண்டரில் எழுதியிருக்கிற நிமிடத்தை நம்பியிருந்தால் இன்னும் உள்ளே போயிருப்போம்.

கயிறு விஷயத்தில்தான் எனக்குக் குறை. நாற்பது பேருக்கு இரண்டே செட். ஆளுக்கு இரண்டு தடவை இறங்கினோம், மீதி நேரம் நிழலில் உட்கார்ந்து அடுத்தவனுக்குக் கைதட்டினோம். கயிறு கட்டுவதற்கு கான்கிரீட் சுவரில் பதித்த இரும்பு வளையம். கேரபைனர் கொக்கியை மாட்டினால் வேலை முடிந்தது. எதில் கட்டுவது என்ற கேள்வியே அங்கே எழவில்லை.

மலையில் அந்தக் கேள்விதான் முதலில் வரும். வந்த ஆறாம் மாதம் ராத்திரி ஒரு ஃபோன். கொண்டை ஊசி வளைவில் கார் இறங்கி, தேயிலைச் சரிவில் ஒரு சில்வர் ஓக்கில் முட்டி நின்றுவிட்டது. ஓட்டியவர் உள்ளே, கால் மாட்டிக்கொண்டிருக்கிறது. மூடுபனியில் டார்ச் வெளிச்சம் பத்தடி தாண்டவில்லை. நான் கயிற்றுச் சுருளோடு ரோட்டோரம் இருந்த மரத்துக்கு ஓடினேன். எங்கள் லீடிங் ஃபயர்மேன் நிதானமாக வந்து, "தம்பி, அதைக் கொஞ்சம் தள்ளிப் பாரு" என்றார். தள்ளினேன். காலடியில் மண் பானை மூடி மாதிரி ஒரு பக்கம் தூக்கிக்கொண்டது. சீகை மரம், அதாவது வாட்டில்! ஆள் தடிமன் இருக்கும், வேர் மட்டும் மேலோட்டம். நாலு நாள் மழையில் நனைந்த மண் வேறு. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 91 சென்டிமீட்டர் கொட்டிய ஊர் இது.

அப்புறம் எங்கள் தீயணைப்பு வண்டியின் சேஸிஸிலேயே கட்டினோம். நாலு சக்கரத்துக்கும் கட்டை வைத்து, ஹேண்ட் பிரேக் போட்டு, அவர் சாவியைக் கழற்றி என் சட்டைப் பையில் போட்டார். "நீ கீழே போயிட்டு மேல வர்ற வரைக்கும் இது உன்கிட்டயே இருக்கட்டும்." இந்தச் சாவி விஷயத்தை ஆறு நாளில் ஒருவர்கூடச் சொல்லவில்லை. சரி, நியாயமாகவும் சொல்ல வேண்டும். கிழிந்த ஹோஸை நீளவாக்கில் பிளந்து, கயிறு உரசுகிற விளிம்பில் போடும் வேலையை அங்கேதான் கற்றேன். அன்றைக்கு ரோட்டோரத் தடுப்புச் சுவரின் கூர்முனையில் அதைத்தான் போட்டோம்.

பம்ப் டிரில் சமதளத்தில் சுத்தமாக நடந்தது. கடல் மட்டத்தில் காற்றழுத்தம் தண்ணீரை 10.3 மீட்டர் வரை தூக்கும், நடைமுறையில் 7 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். ஊட்டி 2,240 மீட்டரில் இருக்கிறது. இங்கே அந்த 10.3 என்பதே 8க்குக் கீழே வந்துவிடுகிறது, அதே கணக்கில் நடைமுறை அளவும் 6க்குக் கீழே. 6 மீட்டர் பள்ளத்துக் குட்டையில், தண்ணீர் உறிஞ்சும் குழாயான சக்‌ஷன் போட்டுவிட்டு, எங்கே காற்று ஒழுகுகிறது என்று அரை மணி நேரம் கப்ளிங் கப்ளிங்காகத் தடவிய பிறகுதான் எனக்கு இது உறைத்தது. பம்பைக் குட்டைப் பக்கமாக இறக்கி வைத்ததும் எடுத்துவிட்டது.

ஹோஸும் அப்படித்தான். வண்டி நிற்பது ரோட்டில், எரிகிற லைன் வீடு (தோட்டத் தொழிலாளர் குடியிருப்பு) 30 மீட்டர் மேலே. பத்து மீட்டர் ஏறினால் ஒரு பார் போகும், ஆக ஹோஸ் முனையில் இருக்கிற பிராஞ்சுக்குப் போய்ச் சேருமுன் உயரத்துக்கே 3 பார் காலி. உரசலில் போவது தனி. 63 மில்லிமீட்டர் ஹோஸ் 15 மீட்டர் நிறைந்தால் தண்ணீர் மட்டும் 47 கிலோ. சரிவில் அது ஆளைப் பின்னால் இழுக்கும். இப்போது ஒவ்வொரு ஜாயிண்டையும் சிறு கயிற்றால் தேயிலைத் தூரில் கட்டிவிடுகிறோம். தேயிலைத் தூர் பெயராது, சீகையை விட ஆயிரம் மடங்கு மேல்.

காட்டுத்தீ பற்றிப் பயிற்சியில் அரை மணி நேர ஸ்லைடு, அவ்வளவுதான். 2024 மார்ச்சில் குன்னூர்ப் பக்கம் காடு எரிந்தபோது விமானப்படை ஹெலிகாப்டர் ரேலியா அணையில் தண்ணீர் மொண்டு ஊற்றியதைப் பலரும் பார்த்திருப்பீர்கள். தரையில் பச்சைக் கொப்பால் அடிப்பதையும், தீ மேல்நோக்கித்தான் ஓடும், அதற்கு மேலே ஓடையில் நிற்காதே என்பதையும் எனக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள் வேட்டைத் தடுப்புக் காவலர்கள்.

போகிறவர்கள் சொந்தமாக ஒரு ஜோடி தோல் கையுறை கொண்டுபோங்கள். அங்கே தருவது பத்துப் பேர் வியர்வையில் ஊறியது. மாலையில் செட் சும்மா இருக்கும், கேட்டு வாங்கி இன்னும் இரண்டு தடவை இறங்கிவிடுங்கள். முடிச்சுகளில் எட்டு முடிச்சு, பௌலைன், கிளவ் ஹிட்ச் மூன்றும் கையோடு தங்கிவிட்டன, வீட்டுக் கொடிக்கயிறுகூட கிளவ் ஹிட்ச்தான். ஆளை உட்காரவைத்து இறக்குகிற சேர் நாட் மட்டும் எட்டே மாதத்தில் மறந்துபோனது. அதனால் நிலையத்தில் சனிக்கிழமை சாயங்காலம் கண்ணைக் கட்டிக்கொண்டு போடுகிறோம், தப்பினால் எல்லாருக்கும் டீ வாங்க வேண்டும். இந்த மாதமும் டீக்காசு என்னுடையதுதான்.