நீலகிரியா, இலங்கை மலையகமா: நடந்து சுற்ற எது தோது?

ஒரு வாரம் லீவு. குளிரும் காடும் நடையும் வேண்டும், போகிற இடத்து மனிதர்களோடு நாலு வார்த்தை பேசவும் வேண்டும். இப்படிக் கேட்கிறவர்களை நான் இலங்கை மலையகத்துக்குத்தான் போகச் சொல்வேன். நீலகிரி மட்டம் என்பதற்காக இல்லை. உயரத்தில் தொட்டபெட்டா (2,637 மீட்டர்) இலங்கையின் பிதுருதலாகலையை (2,524 மீட்டர்) முந்துகிறது. காடும் நீலகிரியில் அடர்த்திதான். ஆனால் அந்தக் காட்டுக்குள் நினைத்த நேரத்தில் கால் வைக்க முடியாது.

வைக்க விடவும் கூடாதுதான். யானையும் காட்டெருமையும் நடமாடும் இடம். 2018 மார்ச்சில் தேனி மாவட்டத்துக் குரங்கணியில் காட்டுத்தீயில் மலையேறப் போனவர்கள் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்த பிறகு கெடுபிடி இன்னும் கூடியது. 2024 அக்டோபரில் வனத்துறை ‘ட்ரெக் தமிழ்நாடு’ என்று மாநிலம் முழுக்க 40 பாதைகளை ஆன்லைன் முன்பதிவுக்குத் திறந்துவிட்டது. நீலகிரியில் சும்மா நடந்து பார்க்கக் கோத்தகிரி லாங்வுட் சோலை போதும். காலில் தெம்பிருந்தால் அவலாஞ்சியிலிருந்து கோலாரிபெட்டா. பழங்காலப் பாறை ஓவியம் பார்க்க ஆசையென்றால் கரிக்கையூர். கூடவே வழிகாட்டி வருவார். அதே மலையில் பிறந்து வளர்ந்தவர் அமைந்துவிட்டால் நம் அதிர்ஷ்டம். ஆனால் தேதி, ஆள் கணக்கு எல்லாம் முன்பே முடிவாக வேண்டும். காட்டுத்தீக் காலத்தில் பாதைகளை மூடிவிடுவதும் உண்டு. போதாததற்கு ஊட்டிக்குள் வண்டி நுழையவே 2024 மே முதல் இ-பாஸ்.

மலையகத்தில் இந்தத் தொல்லை குறைவு. ஹோர்டன் சமவெளித் தேசியப் பூங்காவில் வாசலிலேயே சீட்டு வாங்கிக்கொண்டு தனியாக நடக்கலாம். வெளிநாட்டவருக்குக் கட்டணம் உள்ளூர்க்காரர்களைவிடப் பல மடங்கு, அதை மட்டும் பொறுத்துக்கொள்ள வேண்டும். உள்ளே விடுமுன் பையைத் திறந்து பார்ப்பார்கள். பிஸ்கட் பாக்கெட் உறையைப் பிரித்துக் காகிதத்தில் கொட்டித் தருவார்கள், தண்ணீர் பாட்டிலில் ஒட்டியிருக்கும் லேபிளைக்கூட உரித்துவிடுவார்கள். அப்புறம் சுமார் 9 கிலோமீட்டர் சுற்றுப்பாதை. நடுவில் ‘உலக முடிவு’ என்கிற செங்குத்துப் பாறை விளிம்பு. காலை ஒன்பது, பத்து மணிக்கெல்லாம் மூடுபனி ஏறி பள்ளத்தாக்கை மறைத்துவிடும்; விடியும்போதே வாசலில் நிற்காவிட்டால் சீட்டுக் காசு தண்டம்.

சிவனொளிபாதமலை (2,243 மீட்டர்) வேறு ரகம். டிசம்பர் மாதப் பௌர்ணமியிலிருந்து மே மாதப் பௌர்ணமி வரை யாத்திரைக் காலம். நல்லதண்ணியிலிருந்து இரவு இரண்டு மணிவாக்கில் ஏறத் தொடங்கினால் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட படிகள், வழி நெடுக விளக்கு, தேநீர்க் கடைகள். உச்சியில் இருப்பது புத்தர் பாதமா, சிவன் பாதமா, ஆதாமின் பாதமா என்று அங்கே யாரும் சண்டை போடுவதில்லை. கைக்குழந்தையைச் சுமந்து ஏறுகிற அம்மாவும் எண்பது வயதுப் பாட்டியும் நம்மைத் தாண்டிப் போய்க்கொண்டே இருப்பார்கள். இப்படி ஒரு நடை நீலகிரியில் இல்லை. நாள் கணக்கில் நடக்க ஆசைப்படுகிறவர்களுக்குத் தேயிலைத் தோட்டங்களுக்குள்ளே 22 கட்டங்களாக 300 கிலோமீட்டருக்கு மேல் ஓடும் பீக்கோ பாதையும் இருக்கிறது. பிடித்த இரண்டு கட்டத்தை மட்டும் நடந்துவிட்டு பஸ் ஏறிவிடலாம்.

ரயிலில் என் ஓட்டு நீலகிரிக்கு. கல்லாறிலிருந்து குன்னூர் வரை பல்சக்கரத்தால் தண்டவாளத்தைக் கவ்விக்கொண்டு ஏறும் இன்னொரு ரயில் இந்தியாவிலேயே கிடையாது. மலையகத்தின் பதுளை ரயிலும் அழகுதான். ஆனால் 2025 நவம்பர் டித்வா புயலில் அந்தப் பாதை பலத்த சேதம் கண்டது. எதுவரை ஓடுகிறது என்று விசாரித்துவிட்டு டிக்கெட் போடுங்கள்.

மனிதர்கள் விஷயத்தில்தான் தராசு நன்றாகச் சாய்கிறது. நீலகிரியில் தோடர், கோத்தர், குறும்பர், இருளர், படகர் என்று ஒவ்வொருவருக்கும் தனி மொழி, தனி வழிபாடு. ஆனால் ஒரு வாரத்தில் வந்து போகிறவர் கண்ணில் படுவது கடையில் தொங்கும் தோடர் பூத்தையல் சால்வை மட்டும்தான். தோடர் குடியிருப்பான மந்தில் போய் எட்டிப் பார்ப்பது மரியாதையும் இல்லை. மலையகத்திலோ தோட்டத்துப் பாதையில் கொழுந்துக் கூடையோடு வருகிற அக்காவிடம் தமிழில் வழி கேட்கலாம். அவர் பதிலுக்கு நம் ஊர் எது என்று கேட்பார். பல குடும்பங்களுக்குத் திருச்சி, மதுரை, சேலம் பக்கத்துப் பூர்வீகம். அவர்கள் முன்னோர் தோட்ட வேலைக்குப் போய் இறங்கி 200 ஆண்டு ஆனதை 2023-இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தே நினைவுகூர்ந்தார்கள். மாசி, பங்குனியில் போனால் சில தோட்டங்களில் மன்மதன் கதையை ஆடும் காமன் கூத்தும் பார்க்கக் கிடைக்கும். தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயன் அறைகளைப் பின்னணியாக வைத்து மட்டும் செல்ஃபி எடுக்காதீர்கள். அது அவர்கள் குடியிருக்கும் வீடு.

இதே கதையின் மறுபாதி நீலகிரியில் இருக்கிறது. இலங்கை, இந்தியப் பிரதமர்கள் செய்த 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து திருப்பி அனுப்பப்பட்ட தோட்டத் தமிழர்களில் பலர் கூடலூர், கோத்தகிரி பக்கம் குடியமர்ந்தார்கள். தமிழக அரசின் டான்டீ தேயிலைத் தோட்டங்கள் உருவானதே அவர்களுக்கு வேலை கொடுக்கத்தான். ஊட்டி ஏரியில் படகு விடுவதை விட்டுவிட்டு அந்தப் பக்கம் போகிறவர்கள் குறைவு. இலங்கை செல்ல வசதிப்படாதவர்களுக்கு என் சிபாரிசு கூடலூர்தான்.

மாதம் என்று பார்த்தால் மலையகத்துக்கு ஜனவரி கடைசி முதல் மார்ச் வரை நல்லது; நீலகிரியில் அதே சமயம் காட்டுத்தீக்காகப் பாதைகளை மூடியிருக்கலாம், விசாரித்துக்கொள்ளுங்கள். ஏப்ரலில் மலையகத்து நுவரெலியாவிலும் மே மாதம் ஊட்டியிலும் அறை வாடகை ஏறிவிடும், சாலையில் வண்டியும் நகராது.