480 யூரோ போனது: பழைய டச்சு அச்சுத்தாள் வாங்குகிறவர்கள் தயவுசெய்து படியுங்கள்

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். 480 யூரோ. ஒரே ஒரு தாளுக்கு.

நெதர்லாந்தின் லைடனுக்கு வேலைக்கு வந்து ஆறு வருடம் ஆகிறது. எல்சேவியர் குடும்பம் புத்தகம் அச்சடித்த ஊர் இது. 1620-இல் ஐசக் எல்சேவியர் பயன்படுத்தத் தொடங்கிய அச்சகச் சின்னத்தில் ஒரு எல்ம் மரம், அதில் படர்ந்த திராட்சைக் கொடி, பக்கத்தில் நிற்கும் ஒரு கிழவர், ‘நோன் சோலுஸ்’ என்ற இரண்டு லத்தீன் சொற்கள். தனியாக இல்லை என்று அர்த்தம். கொடிக்கு ஒரு கொழுகொம்பு. ஊரை விட்டு வந்த எனக்கு அது மனசில் ஒட்டிக்கொண்டது. அந்தச் சின்னம் உள்ள தலைப்புப் பக்கம் ஒன்றாவது வாங்க வேண்டும் என்று இரண்டு வருடம் காசு சேர்த்தேன்.

ஓர் ஆன்லைன் ஏலத் தளத்தில் கிடைத்தது. விற்றவரிடம் ஐந்தாறு கேள்வி கேட்டேன். எல்லாவற்றுக்கும் பொறுமையாகப் பதில் சொன்னார். தாளை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் படம் எடுத்து அனுப்பினார், நீர்க்குறி, அதாவது தாள் செய்யும்போதே அதில் பதியும் அடையாளம், பளிச்சென்று தெரிந்தது. தாத்தாவின் ஆல்பத்தில் இருந்ததாம். அப்புறம் அவர் எழுதிய ஒரு வரிதான் என்னைச் சாய்த்தது: “சின்னத்தைச் சுற்றித் தகடு அழுந்திய தடம் இன்னும் இருக்கிறது, விரலால் தொட்டே பார்க்கலாம்.” தடம் இருந்தால் அசல்தான் என்று நம்பி அன்றிரவே பணம் கட்டினேன்.

அந்தத் தடம்தான் பொய். செப்புத் தகட்டில் செதுக்கிய படத்தை உருளைகளுக்கு நடுவே அழுத்தி எடுப்பார்கள், அதனால் சுற்றிலும் தடம் விழும். நான் வாங்க நினைத்ததோ மரக்கட்டையில் செதுக்கி அச்சடித்த சின்னம், அது அப்படியில்லை. கட்டையில் மேடாக நிற்கும் கோடுதான் மை ஏற்கும். எழுத்தச்சோடு சேர்த்துக் கட்டி ஒரே இழுப்பில் அடித்துவிடுவார்கள். அதைச் சுற்றித் தகட்டுத் தடம் எப்படி வரும்? யாரோ வேண்டுமென்றே அழுத்திச் செய்தது. தாள் மட்டும் பழசு, ஏதோ பழைய புத்தகத்திலிருந்து கிழித்த வெற்றுத் தாளாக இருக்க வேண்டும். பத்து மடங்கு லென்ஸை வைத்தேன். கிழவரின் தாடி முழுக்கப் புள்ளி புள்ளியாக இருந்தது, இந்தக் கால இயந்திர அச்சு. கட்டை அச்சில் மை கெட்டியாக, கோட்டின் ஓரத்தில் கொஞ்சம் பிதுங்கி நிற்கும். பின்பக்கத்தைத் தடவினாலே பெரும்பாலும் கோடு விரலில் தட்டுப்படும். இதன் பின்பக்கம் மொழுமொழுவென்று இருந்தது.

விற்றவரிடம் கேட்டேன். “படத்தில் இருந்ததைத்தான் அனுப்பினேன்” என்றார். அடுத்த கடிதத்துக்குப் பதிலே இல்லை. தளத்துக்கு எழுதினால், விற்றவர் தனியாள், கடை இல்லை, அதனால் 14 நாளில் திருப்பித் தரும் உரிமை பொருந்தாது என்றார்கள். நான் திருப்பித் தருவதைப் பற்றிப் பேசவில்லை, போலியைப் பற்றிப் பேசுகிறேன் என்றேன். நிபுணர் எழுத்தில் தர வேண்டும் என்றார்கள். அதற்கு 75 யூரோ கொடுத்து வாங்கி அனுப்பினேன். “உங்கள் புகார் முடித்து வைக்கப்பட்டது” என்று பதில் வந்தது. ஒரு மனிதர் படித்தாரா என்றுகூடத் தெரியவில்லை. 480 யூரோ என் இரண்டு வருடச் சேமிப்பு, அவர்களுக்கு அது ஒரு புகார் எண்.

என்னென்ன பார்க்க வேண்டும் என்று விரிவாக எழுத நினைத்தேன், கை ஓடவில்லை. இவ்வளவுதான்: மரக்கட்டை அச்சைச் சுற்றித் தகட்டுத் தடம் இருந்தால் தொடாதீர்கள். நீர்க்குறியை மட்டும் நம்பாதீர்கள், பழைய தாள் கிடைக்கும். கோடுகளை மிக அருகில் எடுத்த படம் கேளுங்கள், தராவிட்டால் விட்டுவிடுங்கள். முடிந்தால் நேரில் போய் லென்ஸ் வைத்துப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

இன்று காலை அதே ஆள் இன்னொன்று ஏற்றியிருக்கிறார். ஆண்ட்வெர்ப்பின் பிளான்டின் அச்சகச் சின்னம், கவராயம் பிடித்த கை. மரக்கட்டை அச்சு என்று எழுதியிருக்கிறார், சுற்றிலும் அதே தடம். ஏலம் 210 யூரோவில் நிற்கிறது.