லைன் சிமுலேட்டர்: 6 வருடப் புழக்கத்துக்குப் பிறகு

தம்பி ஒருவன் நேற்று கூப்பிட்டான். அவனுக்கும் போன் சர்வீஸ்தான் தொழில். "அண்ணே, உங்ககிட்ட இருக்கிற லைன் சிமுலேட்டர் விலை இறங்கியிருக்கு, வாங்கலாமா?" போனில் சொல்லி முடியவில்லை, அதனால் எழுதுகிறேன். லைன் சிமுலேட்டர் என்பது, வெளி லைன் இல்லாமலே இரண்டு போன்களை மாட்டி ஒன்றிலிருந்து மற்றதைக் கூப்பிட்டுச் சோதிக்க உதவும் பெட்டி.

முன்பெல்லாம் கடையிலிருந்த ஒரே லேண்ட்லைனில்தான் எல்லாச் சோதனையும். மழை பெய்து லைன் போனால் அன்றைக்கு வேலையும் போச்சு. இப்போது இரண்டு முனையும் மேசையிலேயே இருக்கின்றன. இந்தப் போனில் எண்ணை அழுத்தினால் பக்கத்துப் போனில் மணி அடிக்கும். மீட்டரை வைத்தால் 48 வோல்ட். ரிசீவரைத் தூக்கியதும் 7-க்கு விழும், 25 மில்லி ஆம்பியர் ஓடும். எக்சேஞ்ச் லைன் மாதிரியேதான். மணி அடிக்கையில் மட்டும் கம்பியைத் தொடக்கூடாது, 90 வோல்ட் ஏசி சுரீரென்று இழுக்கும். 6 வருடத்தில் ஒரு ஃபியூஸ்கூட மாற்றியதில்லை.

ஆனால் அதன் டோன் அத்தனையும் அமெரிக்க டோன்.

போன மாதம் ஒரு நகைக்கடையின் அலாரம் டயலர் வந்தது. திருடன் புகுந்தால் தானாக முதலாளிக்கு போன் போடும். எங்கேஜ் டோன் கேட்டால் கட் செய்து அடுத்த எண்ணுக்குப் போகும். சிமுலேட்டரில் மாட்டி, எதிர்ப்போனின் ரிசீவரை எடுத்து வைத்துச் சோதித்தேன். எங்கேஜ் டோன் தெளிவாக ஒலிக்கிறது, டயலர் அசையவே இல்லை. ஐசி மாற்றினேன், கெப்பாசிட்டர் மாற்றினேன், கிரிஸ்டலும் மாற்றினேன். இரண்டு நாள் போனது. கடைசியில் பக்கத்து மருந்துக்கடை லேண்ட்லைனில் போட்டால் முதல் தடவையே வேலை செய்கிறது!

நம் எங்கேஜ் டோன் 400 ஹெர்ட்ஸ், முக்கால் நொடி ஒலி, முக்கால் நொடி மௌனம். டயலர் தேடுவது அதைத்தான். இந்தப் பெட்டி தருவதோ 480-ம் 620-ம் கலந்தது, அரை நொடி ஒலி, அரை நொடி மௌனம். டயலருக்கு அது வெறும் சத்தம். மணியும் அப்படித்தான்: நம்முடைய ட்ரிங்-ட்ரிங் கிடையாது, 2 நொடி ஒரே நீளம், 4 நொடி மௌனம். மாற்ற ஸ்விட்ச் இல்லை. எழுதிக் கேட்டதற்கு, நாடு மாற்றும் வசதி மேல் மாடலில் இருக்கிறது என்று பதில் வந்தது. எந்த நாட்டு டோன் என்பதைப் பெட்டியின் மேல் ஒரு வரி அச்சடித்திருக்கலாமே! நல்ல ஐசியைப் பிடுங்கிப் போட்ட வயிற்றெரிச்சல் இன்னும் ஆறவில்லை.

சாதா போன், கார்ட்லெஸ், ஃபேக்ஸ் இவற்றுக்கு இதைவிட உதவிய கருவி என் மேசையில் வேறில்லை. அது உண்மை. ஆனாலும் தம்பி, நீ பார்ப்பது பாதிக்கு மேல் டயலர் வேலை. வாங்காதே. இன்னும் கொஞ்சம் பணம் சேர்த்து, 400 ஹெர்ட்ஸ் வைக்க முடிகிற மாடலாகக் கேட்டு வாங்கு.