கீசர் போட்டால் ஹால் லைட் பளிச்சென்று எரிகிறதா? ஸ்டெபிலைசர் வாங்காதீர்கள்

த்ரீ பேஸ் இணைப்பு (கரண்ட் வரும் பேஸ் வயர் மூன்று, அது திரும்பிப் போகும் நியூட்ரல் வயர் ஒன்று) உள்ள வீட்டுக்காரர்கள் கவனத்துக்கு. ஒரு மாடி வீட்டில் நடந்தது இது. கீசர் போட்டதும் ஹாலில் லைட் கண் கூசும்படி எரியும், ஃபேன் பறக்கும்; தண்ணீர் மட்டும் சுடாது. பார்க்க வந்த எலக்ட்ரீஷியன், "ஈபி லைன்ல ஹை வோல்டேஜ் சார்" என்று சொல்லி இரண்டு ஸ்டெபிலைசர்களைத் தலையில் கட்டிவிட்டுப் போனார். சில நாளில் டிவி போர்டும் எல்இடி பல்புகளும் போயின. கூடவே ஒரு ஸ்டெபிலைசரும் கருகியது.

லைனில் ஒரு குறையும் இல்லை. வயரிங் செய்தபோதே மெயின் போர்டில் நியூட்ரலுக்கும் ஒரு கிட்கேட் ஃபியூஸ் (கழற்றி மாட்டும் பீங்கான் ஃபியூஸ்) போட்டிருக்கிறார்கள். அதுதான் லூசாகிக் கருகிக் கிடந்தது. நியூட்ரலில் தனியாக ஃபியூஸோ சுவிட்சோ வைக்கக் கூடாது என்று 1956 இந்திய மின்சார விதிகளிலேயே சொல்லிவிட்டார்கள். மூன்று பேஸோடு நியூட்ரலும் சேர்ந்தே அணையும் நாலு போல் சுவிட்ச் என்றால் சரி.

நியூட்ரல் விட்டுப்போனால் என்ன ஆகும்? ஒரு பேஸில் 2000 வாட் கீசர், இன்னொன்றில் 100 வாட் பல்பு, வேறு லோடு இல்லை என்று வையுங்கள். திரும்பிப் போக வழியில்லாத கரண்ட் இரண்டு பேஸுக்கு நடுவே, கீசரையும் பல்பையும் தொடராகக் கடந்து ஓடும். இரண்டு பேஸுக்கு நடுவே இருக்கும் 400 வோல்ட்டில் கீசருக்குக் கிடைப்பது 20 வோல்ட்கூட இல்லை. பல்பின் மேல் 380 வோல்ட்! லோடு குறைந்த பேஸில் இருக்கும் பொருள்தான் முதலில் கருகும்.

வோல்டேஜ் சும்மா இறங்கினால் எல்லா லைட்டும் மங்கும், அவ்வளவுதான். ஒரு பக்கம் மங்கி மறுபக்கம் பிரகாசமானால் நியூட்ரலைத்தான் சந்தேகிக்க வேண்டும். கீசரை ஓடவிட்டு, தெரிந்தவரை வைத்து மீட்டரில் அளந்து பாருங்கள். பேஸுக்கும் பேஸுக்கும் நடுவே 400 அசையாமல் நிற்க, நியூட்ரலோடு அளக்கும்போது ஒன்று 150, ஒன்று 290 என்று காட்டினால் "ஹை வோல்டேஜ்" என்பது பொய். மெயினுக்குள் வரும் இடத்திலேயே அப்படிக் காட்டினால் சர்வீஸ் வயர் ஜாயின்ட்டிலோ கம்பத்திலோ கோளாறு, ஈபிக்குச் சொல்லுங்கள். அங்கே மூன்றும் 230 காட்டி, போர்டைத் தாண்டி மாறினால் கோளாறு வீட்டுக்குள். எதுவானாலும் மெயினை உடனே இறக்கிவிட வேண்டும், சரிசெய்யும்வரை ஏற்றக் கூடாது.

அதே வீட்டில் இன்னொரு மோசமும் இருந்தது: பேஸுக்கு 4 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) வயர், நியூட்ரலுக்கு 2.5. மூன்று பேஸிலும் லோடு சமமாக இருந்தால் நியூட்ரலில் கரண்ட் பெரும்பாலும் கழிந்துவிடும், அதனால் வெளியே தெரியவில்லை. ஆனால் ஒரு பேஸ் போனதும் சேஞ்ச்ஓவர் சுவிட்சைத் திருப்பி எல்லாவற்றையும் ஒரே பேஸில் போடுகிறோமே, அப்போது கரண்ட் கழியாது, கூடும். மொத்தமும் அந்த மெல்லிய வயர் வழியாகத்தான் திரும்ப வேண்டும். வயர் சுட்டு, ஸ்க்ரூ தளர்ந்து, மறுபடி அதே கதைதான். வயரிங் ஒப்பந்தம் பேசும்போதே "நியூட்ரல் பேஸ் அளவுக்கே வேண்டும், பித்தளை லிங்க்கில் நேராக முடுக்க வேண்டும், ஃபியூஸ் கூடாது" என்று எழுதி வாங்குங்கள். சுவர் பூசுவதற்குள் வயரின் மேல் அச்சிட்டிருக்கும் அளவையும் படித்துப் பார்த்துவிடுங்கள்.