மழை நாள் டிராக்கில் டோயோ ஆர்1ஆர்: எடை குறைந்த காரில் இரண்டு சீசன்

என் கார் முதல் தலைமுறை மஸ்தா எம்எக்ஸ்-5. 1989-ல் வெளிவந்த அந்தப் பழைய வடிவம்தான். எடை ஆயிரம் கிலோவுக்கும் கீழே. டயர் விமர்சனத்தில் காரைப் பற்றி முதலில் சொல்லக் காரணம் இருக்கிறது. டிராக் டயருக்குக் கிடைக்கிற அறிவுரைகளில் முக்கால்வாசி, ஒன்றரை டன் கார் வைத்திருப்பவர்கள் சொல்வது. அவர்கள் காருக்கு அது சரி. மழையில் ஒரு லேசான காருக்கு அதை அப்படியே எடுத்துக்கொண்டால் காலை வாரிவிடும்.

எனக்கு வாரிவிட்டது. முன்பெல்லாம் வெயிலோ மழையோ ஒரே செட் செமி-ஸ்லிக்தான், அதாவது பள்ளம் குறைவான டிராக் டயர். பெயர் வேண்டாம், காய்ந்த தளத்தில் இன்றும் அதைத்தான் போடுகிறேன், அவ்வளவு நல்ல டயர். ஒரு நாள் காலையிலிருந்தே விடாத மழை. மூன்றாவது சுற்றில், நீளமான வலது வளைவில் ஸ்டியரிங்கைத் திருப்பினேன், கார் திரும்பவில்லை. ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்த அடுத்த நொடி பின்பக்கம் முன்னால் வந்துவிட்டது. நல்லவேளை, புல்லில் போய் நின்றது, எதிலும் மோதவில்லை. பிட்டுக்கு (டிராக் ஓரம் கார்கள் நிற்கும் இடம்) வந்து இறங்கி டயரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். மழையில் கிடந்த கல் மாதிரி சில்லென்று இருந்தது. ஊசி வெப்பமானியைக் குத்தினால் 27 டிகிரி. அந்த வகை ரப்பர் 80 டிகிரியை நெருங்கினால்தான் வேலையே ஆரம்பிக்கும்.

விஷயம் முழுவதும் அந்த 27-ல் இருக்கிறது. டயர் சூடாவது அது நசுங்கி விரிவதாலும் தளத்தில் தேய்வதாலும். என் காரில் நான் உட்கார்ந்தபின் ஒரு சக்கரத்தின் மேல் சுமார் 250 கிலோ. 195/50ஆர்15 அளவில் (அகலம் 195 மில்லிமீட்டர்) சுமை எண் 82 என்றால் அந்த டயர் 475 கிலோ தாங்கும். அதாவது பாதிச் சுமைதான் அதன்மேல் இருக்கிறது. கூடுதல் சுமை தாங்கும் எக்ஸ்எல் வகை, சுமை எண் 86 என்றால் 530 கிலோ. பக்கச்சுவர் இன்னும் விறைப்பு. இவ்வளவு லேசான கார் அதை நசுக்கவே நசுக்காது. கொஞ்சநஞ்சம் வந்த சூட்டையும் மழைத்தண்ணீர் கொண்டுபோய்விடும். கனமான காரில் நாலு சுற்றில் உயிர் பெறும் டயர், என் காரில் நாள் முழுக்கத் தூங்குகிறது.

தண்ணீர் நடுவில் வந்தபின் ரப்பர் தளத்தோடு ஒட்டிப் பிடிப்பது பெரும்பாலும் போய்விடும். மிச்சமிருப்பது, தார்த்தளத்தின் சொரசொரப்புக்குள் ரப்பர் இறங்கிப் பிடிக்கும் பிடிதான். குளிர்ந்து விறைத்த ரப்பர் அந்தக் குழிகளுக்குள் இறங்காது. அதனால் மழைக்கு நான் தேடியது, குளிரிலேயே மென்மையாக இருக்கும் ரப்பர், ஆழமான பள்ளங்கள், விறைப்பில்லாத பக்கச்சுவர். அப்படித்தான் டோயோ ப்ராக்ஸஸ் ஆர்1ஆருக்கு வந்தேன். 195/50ஆர்15, சுமை எண் 82. நடுவிலிருந்து இரு பக்கமும் அம்பு மாதிரிப் பிரியும் பெரிய பள்ளங்கள், ஒரே திசையில் மட்டும் சுழல வேண்டிய அமைப்பு.

முதல் மழை நாளிலேயே வித்தியாசம் தெரிந்தது. பிட்டைவிட்டு வெளியேறும் முதல் வளைவிலேயே ஸ்டியரிங்கில் கனம் இருந்தது. செமி-ஸ்லிக்கில் அந்தக் கனம் மழையில் ஒருநாளும் வந்ததில்லை; எங்கே விடப்போகிறது என்று ஊகித்தே ஓட்ட வேண்டும். ஆர்1ஆர் விடுவதற்கு முன் சொல்கிறது. பின்பக்கம் மெதுவாக நழுவ ஆரம்பிக்கிறது, கை தானாக எதிர்ப்பக்கம் திருப்புகிறது, திரும்பவும் பிடித்துக்கொள்கிறது. ஒருமுறை கண்ணாடியில் பின்னால் பார்த்தேன். சக்கரங்கள் போன இடத்தில் இரண்டு பட்டைகள் சில நொடி வெளிறித் தெரிந்து மறுபடி கறுத்தன. தண்ணீரை அது எந்த அளவுக்கு வெளியே தள்ளுகிறது என்று அப்போதுதான் கண்ணால் பார்த்தேன். கணக்குப் போட்டும் பார்த்தேன்: டயர் தளத்தில் படும் அகலம் 17 சென்டிமீட்டர், தண்ணீர் இரண்டு மில்லிமீட்டர், வேகம் 80 கிலோமீட்டர் என்றால் ஒரு டயர் நொடிக்கு ஏறக்குறைய ஏழரை லிட்டரை ஒதுக்க வேண்டும்.

இதே காரணத்தால்தான் மழைக்கு அகல டயர் வேண்டாம் என்கிறேன். தளத்தில் படும் பரப்பை ஏறத்தாழ முடிவுசெய்வது சுமையும் காற்றழுத்தமும்தான். 250 கிலோவுக்கு 26 பிஎஸ்ஐ என்றால் 140 சதுர சென்டிமீட்டருக்குச் சற்றுக் கீழே. 205 போட்டாலும் 225 போட்டாலும் அது பெரிதாக அதிகரிக்காது, வடிவம்தான் மாறும்: குறுகிய டயரில் நீளவாக்கில், அகல டயரில் குறுக்குவாக்கில். குறுக்கே கிடந்தால் ஒதுக்க வேண்டிய தண்ணீர் அதிகம், அதற்குக் கிடைக்கும் நேரமோ குறைவு. எடை குறைந்த காருக்கு இது இரட்டை அடி.

காற்றழுத்தத்தில் பலரும் தவறு செய்கிறார்கள், நானும் செய்தேன். காய்ந்த நாளில் டயர் சூடானதும் அழுத்தம் ஆறேழு பிஎஸ்ஐ ஏறும் என்பதால் குறைத்து வைத்துக் கிளம்புவோம். மழையில் அது ஒன்றிரண்டுகூட ஏறாது. குறைத்து வைத்தால் குறைந்தபடியேதான் ஓடும். டயர் தண்ணீர்மேல் மிதக்க ஆரம்பிக்கும் வேகத்துக்கு விமானச் சக்கரங்களை வைத்து நாசா கண்டுபிடித்த பழைய சூத்திரம் ஒன்று உண்டு: பிஎஸ்ஐயின் வர்க்கமூலத்தை ஒன்பதால் பெருக்கினால் நாட் கணக்கில் (ஒரு நாட் என்பது மணிக்கு 1.85 கிலோமீட்டர்) வேகம் வரும். பள்ளம் நிரம்பும் அளவுக்குத் தண்ணீர் நின்றால் அது பொருந்தும். என் காரின் கதவு ஓர ஸ்டிக்கரில் போட்டிருக்கும் 26 பிஎஸ்ஐக்கு மணிக்கு 85 கிலோமீட்டர். 32-க்கு 94. நான் மழைக்கு 30-ல் ஆரம்பிக்கிறேன். தண்ணீர் தேங்கி நின்றால் 32. ஈரம் மட்டும் இருந்து தேக்கம் இல்லையென்றால் 28-க்கு இறக்குவேன்.

ஐரோப்பிய லேபிளில் ஈரப்பிடிக்கு ஏ முதல் ஈ வரை தரம் போட்டிருப்பார்கள். அதைப் பார்க்கலாம், ஆனால் அதன் சோதனை நேர்கோட்டில் மணிக்கு 80 கிலோமீட்டரிலிருந்து 20 வரை பிரேக் பிடிப்பது, தண்ணீரும் ஒரு மில்லிமீட்டர் அளவுதான். நீளமான வளைவில் பக்கவாட்டில் எப்படிப் பிடிக்கும் என்று அது சொல்லாது. டிரெட்வேர் எண்ணும் அப்படித்தான். தேய்மானம் பற்றிய எண் அது. எண் சின்னதாக இருந்தால் மழையிலும் பிடி அதிகம் என்று நினைத்து வாங்காதீர்கள்.

ஒரு எச்சரிக்கை. முதல் தடவை டயரை மாட்டிக்கொடுத்த கடையில் ஒரு சக்கரத்தில் மட்டும் அம்புக்குறி பின்னோக்கி இருந்தது. நான் கவனித்தது ஜாக்கில் ஏற்றி நட்டைச் சரிபார்த்தபோதுதான். தலைகீழாகச் சுழன்றால் அந்தப் பள்ளங்கள் தண்ணீரை வெளியே தள்ளாமல் நடுவுக்கு இழுக்கும். ஒரே ஒரு சக்கரம் அப்படி இருந்தால் பிரேக்கில் கார் எந்தப் பக்கம் இழுக்கும் என்றே தெரியாது. ரசீது வாங்குவதற்கு முன் நாலு அம்பையும் குனிந்து பாருங்கள்.

மழை நின்று தளம் காய ஆரம்பித்தால் இந்த மாதிரி மென்மையான, ஆழப் பள்ளம் உள்ள டயரை உடனே கழற்றிவிட வேண்டும். பள்ளங்களுக்கு இடையிலுள்ள ரப்பர் கட்டிகள் வளைந்து நெளிய ஆரம்பிக்கும், ஸ்டியரிங் கொழகொழவென்று ஆகும், தோள்பகுதி உருண்டை உருண்டையாக உரிய ஆரம்பிக்கும். காயும் நேரத்தில் நான் வேண்டுமென்றே ஈரத்திட்டுகளில் ஏற்றி டயரை ஆறவைத்துக்கொண்டு சுற்றை முடிப்பேன். மாற்று செட் கொண்டுவர வசதியில்லாதவர்கள், ஒரே செட்டில் இரண்டையும் சமாளிக்க யோகோஹாமா அட்வான் ஏ052 மாதிரி சீக்கிரம் சூடாகும் டயரைப் பார்க்கலாம். டிராக்குக்கு எப்போதாவது போகிறவர்களுக்கு யூனிராயல் ரெயின்ஸ்போர்ட் போதும். மழை டயர் என்று தனியாக 1969-லேயே கொண்டுவந்த நிறுவனம் யூனிராயல். நண்பர் காரில் ரெயின்ஸ்போர்ட்டை ஓட்டியிருக்கிறேன். பிரேக்கில் அசத்தல், வளைவில் பக்கச்சுவர் கொஞ்சம் கூடுதலாகச் சாயும். எடை குறைந்த காரில் அந்தச் சாய்வுகூட எனக்குப் பிடித்துத்தான் இருந்தது, எங்கே இருக்கிறோம் என்று தெரிகிறது.

இரண்டு சீசனில் என் செட்டின் பின் டயர்கள் நாலு மில்லிமீட்டருக்கு வந்துவிட்டன. போன மழையில், தளத்தின் குறுக்கே தண்ணீர் ஓடும் இடத்தில் ஸ்டியரிங் ஒரு கணம் லேசானது. புதிதாக இருந்தபோது அதே இடத்தில், அதே வேகத்தில் அப்படி ஆனதில்லை. சாலைச் சட்டம் பல நாடுகளில் 1.6 வரை விடும். நான் மழைக்கு நாலோடு நிறுத்துகிறேன். அதே டயரில் அடுத்த ஜோடிக்குச் சொல்லிவிட்டேன்.