குவிக் ஷிஃப்டர் கிட்: பெட்டியை விட ராடு முக்கியம்

குவிக் ஷிஃப்டர் என்பது கிளட்ச் பிடிக்காமலேயே கியர் மாற்ற உதவும் கருவி. முதலில் யாருக்கு இது தேவையில்லை என்று சொல்லிவிடலாம். 2020-இல் வந்த பிஎஸ்6 கேடிஎம் 390 ட்யூக்கிலேயே மேலும் கீழும் வேலை செய்யும் குவிக் ஷிஃப்டர் கம்பெனியிலிருந்து பொருத்தப்பட்டு வந்தது. ஓசூர் டிவிஎஸ் 2023-இல் இறக்கிய அபாச்சி ஆர்டிஆர் 310-இல் அடிப்படை வேரியன்ட்டைத் தவிர மற்றதில் இருந்தது. 2021-இல் வந்த யமஹா ஆர்15 வி4-இல் மேல் கியருக்கு மட்டும் உண்டு. அறிமுகத்தின்போது சிவப்பு நிற வண்டிக்கு அதுவும் இல்லை. இதெல்லாம் இல்லாமல் ஆர்15 வி3, பழைய 390, ஆர்3, நிஞ்ஜா 300 வைத்துக்கொண்டு, வெளியில் கிட் வாங்கலாமா என்று யோசிப்பவர்களுக்குத்தான் இந்த ரிவ்யூ.

கிட் என்ன செய்கிறது? கியர் பெட்டிக்குள் பல்சக்கரங்கள் எப்போதும் கோத்துக்கொண்டுதான் இருக்கும். கியரைப் பிடித்துவைப்பது அவற்றின் பக்கவாட்டில் இருக்கும் டாக் எனப்படும் கட்டைப் பற்கள். இன்ஜின் இழுத்துக்கொண்டிருக்கும்போது அந்தப் பற்கள் ஒன்றையொன்று இறுக அழுத்தி நிற்கும், கியரைத் தள்ளும் கவையான ஷிஃப்ட் ஃபோர்க்கால் நகர்த்த முடியாது. கிளட்ச் பிடித்தால் அழுத்தம் போய்விடுகிறது. கிட் அதே வேலையைக் கரண்ட்டை வெட்டிச் செய்கிறது. லீவரில் காலின் அழுத்தம் விழுந்ததும் 50 முதல் 90 மில்லி வினாடி வரை ஸ்பார்க் நிற்கும், பற்கள் தளரும், ஏற்கெனவே தள்ளிக்கொண்டிருக்கும் ஃபோர்க் அடுத்த கியருக்குள் விழும்.

சிங்கிள் சிலிண்டர்காரர்கள் ஒரு சின்னக் கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டுப் பணத்தை எடுக்க வேண்டும். ஃபோர் ஸ்ட்ரோக்கில் இரண்டு சுற்றுக்கு ஒரு ஸ்பார்க். 3,000 ஆர்.பி.எம்.மில் இரண்டு ஸ்பார்க்குக்கு இடையே 40 மில்லி வினாடி. 60 மில்லி வினாடி வெட்டினால், எந்த நொடியில் காலை வைத்தீர்கள் என்பதைப் பொறுத்து ஒரு ஸ்பார்க் போகும், அல்லது இரண்டு போகும். ஒரு ஷிஃப்ட் வெண்ணெய் மாதிரி விழும், அடுத்தது தலையை ஆட்டிவிடும். 9,000-இல் அதே இடைவெளி 13 மில்லி வினாடிதான். நாலைந்து ஸ்பார்க் போகும், ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி விழும். நாலு சிலிண்டர் வண்டியில் 3,000-இலேயே 10 மில்லி வினாடிக்கு ஒரு ஸ்பார்க் என்பதால் அங்கே இந்தத் தொல்லை குறைவு. வெளிநாட்டு வீடியோவில் 600 சிசி வண்டியில் பார்த்த மென்மையை ஆர்15-இல் 3,500 ஆர்.பி.எம்.மில் எதிர்பார்த்தால் எந்த கிட்டும் தராது. எத்தனை ஆயிரம் கொடுத்தாலும் சரி.

ஆகவே வாங்கும்போது முதலில் கேட்க வேண்டியது, ஆர்.பி.எம்.முக்குத் தகுந்தபடி வெட்டும் நேரத்தை மாற்ற முடியுமா என்பதுதான். ஒரே ஒரு திருகு வைத்து ஒரே நேரத்தை மட்டும் செட் செய்யும் மலிவு டைமர் பெட்டிகள் ஆன்லைனில் நிறையக் கிடைக்கின்றன. 8,000-க்குச் சரியாக வைத்தால் 4,000-இல் கியர் விழாது; 4,000-க்கு வைத்தால் மேலே இன்ஜின் தொய்ந்து, சைலன்சரில் பட்டாசு வெடிக்கும். ட்ராக்கில் மட்டும் ஓட்டுகிறவருக்கு அது போதும். ரோட்டுக்குப் போதாது.

நல்ல கிட்களில் ரோட்டு வண்டிக்கு முதலில் சொல்ல வேண்டியது ஹங்கேரியின் ஹீல்டெக் ஐக்யூஎஸ்இ. கியர் லீவரையும் கியர் ஷாஃப்ட்டையும் இணைக்கும் கம்பெனி ராடை வெட்டவே தேவையில்லை, சென்சார் அதன் மேலேயே கிளாம்ப் ஆகும். ஒயரிங் வண்டி மாடலுக்கென்றே தயாராகி வருவதால் கப்ளரைப் பிரித்து நடுவில் செருகினால் போதும், ஒயரை வெட்ட வேண்டாம். செட்டிங் எல்லாம் மொபைல் ஆப்பில். வண்டியை விற்றால் மாட்யூலை, அதாவது ஸ்பார்க்கை வெட்டும் பெட்டியைக் கழற்றி, அடுத்த வண்டிக்கு ஒயரிங்கை மட்டும் வாங்கிக்கொள்ளலாம். விலையைப் பார்த்துத் தயங்குகிறவர்கள் இதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். குறை என்றால், மேல் கியருக்கு மட்டும்தான்.

அது கிட்டின் குற்றமும் இல்லை. கீழே இறக்க இன்ஜின் வேகத்தை ஒரு நொடி ஏற்ற வேண்டும். கேபிள் த்ராட்டில் வண்டியில் அதைச் செய்ய ஆளில்லை, உங்கள் வலது கைதான் செய்ய வேண்டும். கேபிள் வண்டிக்கு "ரெண்டு பக்கமும் வேலை செய்யும்" என்று ஒரு கிட்டை விற்கிறார்கள் என்றால், த்ராட்டிலை யார் திறப்பது என்று கேளுங்கள்.

பெட்ரோல் அளவை மாற்றும் டைனோஜெட் பெட்டியான பவர் கமாண்டர் 5 ஏற்கெனவே வைத்திருப்பவருக்கு அதே கம்பெனியின் சென்சாரே நேராக அதில் செருகிக்கொள்ளும். ஆனால் அது தனியாக இருக்கும்போது வெட்டுவது பெட்ரோலைத்தான். ஸ்பார்க்கை வெட்ட இக்னிஷன் மாட்யூல் தனியாக வேண்டும். பெட்ரோல் வெட்டினால் சைலன்சரில் சத்தம் இருக்காது, கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்கும் நல்லது. ஆனால் ஏற்கெனவே உள்ளே போன பெட்ரோல் எரிந்து முடிய வேண்டும் என்பதால் ஒரு சுற்று தாமதமாகத்தான் பிடிக்கும். சிங்கிளில் அந்தத் தாமதம் காலுக்கே தெரியும்.

இனி பொருத்துவது. கிளாம்ப் சென்சார் என்றால் பாதி வேலை இல்லை. ராடுக்கு நடுவில் உட்காரும் ஸ்ட்ரெய்ன் கேஜ் (ராடில் விழும் விசையை அளப்பது) அல்லது ஸ்விட்ச் சென்சார் என்றால் நேரமெல்லாம் இங்கேதான் போகும், தப்பும் இங்கேதான் நடக்கும்.

முதலில், லீவரைக் கையால் தூக்கிப் பாருங்கள். ராடு கியர் ஷாஃப்ட்டின் கையைத் தள்ளுகிறதா, இழுக்கிறதா? ஸ்விட்ச் வகையில் தள்ளுவதற்கு ஒன்று, இழுப்பதற்கு ஒன்று என்று தனித்தனியாக வரும். ஸ்ட்ரெய்ன் கேஜ் இரண்டையும் உணரும், செட்டிங்கில் சொன்னால் போதும். ரேஸ் ஷிஃப்டுக்கு (முதல் கியர் மேலே, மற்றவை கீழே) மாற்றியிருந்தால் திசை தலைகீழ். ராடே இல்லாமல் லீவர் நேராக ஷாஃப்ட்டில் மாட்டியிருக்கும் கம்யூட்டர் வண்டிகளுக்கு இந்தச் சென்சார்களை மாட்ட இடமே கிடையாது.

ராடின் இரு முனைகளிலும் உள்ள பால் ஜாயின்ட்களின் மையங்களுக்கு இடையே உள்ள தூரத்தை வெர்னியரில் அளந்து எழுதிவையுங்கள். ஷாஃப்ட் ஸ்ப்ளைனிலும் (ஷாஃப்ட் முனையில் உள்ள வரிப் பற்கள்) அதில் மாட்டியிருக்கும் கையிலும் ஒரே கோட்டில் பெயின்ட் வையுங்கள். சாதாரணமாக எம்6 த்ரெட். ஒரு முனை வலது, மறு முனை இடது. இடது முனையின் லாக் நட் கடிகாரத் திசையில் திருப்பினால்தான் கழலும். இது தெரியாமல் ஸ்பேனரில் தொங்கி ராடையே முறுக்கியவர்கள் உண்டு.

வெட்டும் கணக்கு இப்படி. இரண்டு ஜாயின்ட்களின் உள் முகங்களுக்கு இடையே 120 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். சென்சார் உடல் 45 மி.மீ. என்றால் ராடில் வெளியே தெரிய வேண்டியது 75. இரு பக்கமும் உள்ளே போக 10, 10 சேர்த்தால் 95 மி.மீ. வெட்டுவது வலது த்ரெட் முனையில். இடது முனையில் கை வைக்கக் கூடாது. வெட்டிய முனையில் த்ரெட் வெட்டும் டை போட்டு எம்6 வலது த்ரெட் எடுத்துச் சென்சாருக்குள் ஏற்றுங்கள், சென்சாரின் ஸ்டட் வலது ஜாயின்ட்டில் போகட்டும். த்ரெட் குறைந்தது 6 மி.மீ.யாவது உள்ளே பிடிக்க வேண்டும். பழைய தூரம் திரும்ப வந்துவிட்டால் லீவர் உயரமும் பழையபடி நிற்கும். உயரம் மாற்ற வேண்டுமென்றால் ராடும் சென்சாரும் சேர்ந்தே திரும்பும், ஒரு முழுச் சுற்றுக்கு 2 மி.மீ. மாறும். ஒயரைக் கேபிள் டை போட்டுக் கட்டுவதற்கு முன்னால் இதை முடித்துவிடுங்கள், இல்லையென்றால் ஒயர் ராடைச் சுற்றிக்கொள்ளும்.

அடுத்தது கோணம். லீவர் நடுநிலையில் இருக்கும்போது ராடுக்கும் ஷாஃப்ட் கைக்கும் இடையே 90 டிகிரி இருக்க வேண்டும். ஸ்ப்ளைனில் ஒரு பல் தள்ளி மாட்டியிருந்தால் காலின் அழுத்தத்தில் ஒரு பகுதி ராடுக்கு வராமல் பக்கவாட்டில் போய்விடும். உடனே "சென்சார் சரியில்லை" என்று சென்சிட்டிவிட்டியை ஏற்றுவார்கள். அப்புறம் ஸ்பீட் பிரேக்கரில் ஷூ லேசாகத் தொட்டாலே இன்ஜின் விக்கும். சென்சார் மேல் வரும் புகார்களில் பெரும்பகுதி கோணமும், தேய்ந்த லீவர் புஷ்ஷும்தான். பிவட்டைக் கழற்றி, துடைத்து, கிரீஸ் வைத்து, ஆட்டம் இருந்தால் புஷ் மாற்றிவிட்டு அப்புறம் சென்சாரைக் குறை சொல்லலாம்.

ஒயரிங்கில் மூன்று விஷயம். மாட்யூலுக்குச் சாவி போட்டால் மட்டும் வரும் 12 வோல்ட் கொடுங்கள். பேட்டரியிலிருந்து நேராக எடுத்து அது 10 மில்லி ஆம்பியர் குடித்துக்கொண்டே இருந்தால், 8 ஆம்பியர்-அவர் (Ah) பேட்டரி ஒரு மாதத்தில் காலி. எர்த்தைப் பெயின்ட் அடித்த ஃபிரேமில் மாட்டாமல் பேட்டரி நெகட்டிவுக்கே கொண்டுபோங்கள். சென்சார் ஒயரை இக்னிஷன் காயிலுக்குப் பக்கத்தில் ஓட்டாதீர்கள். ஸ்பார்க்கின் இரைச்சல் அதில் ஏறி, காலே வைக்காமல் கட் ஆகும். மாட்டியதும் செக் இன்ஜின் விளக்கு எரிந்தால், இக்னிஷன் காயிலின் இணைப்பு அறுந்திருப்பதாக ஈசியு (இன்ஜின் கம்ப்யூட்டர்) நினைக்கிறது என்று அர்த்தம். அந்த மாடலுக்கான ஒயரிங் இல்லாமல் பொதுவான ஒன்றை ஒட்டுப்போட்டால் இப்படி ஆகும். மின்சாரத்தில் கை வைத்த வண்டிக்கு வாரன்ட்டி தகராறு வரும் என்பதும் நினைவில் இருக்கட்டும். கப்ளர் வகையில் சர்வீஸுக்கு விடும் முன் கழற்றிவிடலாம்.

ஸ்டாண்டில் ஏற்றி, பின் சக்கரத்தைச் சுற்றவிட்டு "பாருங்க எப்படி விழுது" என்று காட்டும் கடைகள் இருக்கின்றன. அங்கே லோடே இல்லை, கிட் இல்லாமலேயும் அப்படித்தான் விழும். ரோட்டில் பாருங்கள். முதலில் செயின் லூஸை மேனுவல் சொல்லும் அளவுக்குக் கொண்டுவாருங்கள். தளர்ந்த செயினில் ஸ்பார்க் திரும்பும்போது வரும் அடியை கிட்டின் கணக்கில் எழுதிவிடுவோம். பிறகு 80 மில்லி வினாடியில் தொடங்கி, இரண்டிலிருந்து மூன்றுக்கு, பாதி த்ராட்டிலில், 6,000 ஆர்.பி.எம்.மில். தலை முன்னால் சாய்ந்தால் ஐந்தைந்தாகக் குறையுங்கள். கியர் கரகரவென்று தடுக்க ஆரம்பித்ததும் 10 ஏற்றி நிறுத்திவிடுங்கள். ஒன்றிலிருந்து இரண்டை இந்தச் சோதனைக்கு எடுக்காதீர்கள், நடுவில் நியூட்ரல் இருப்பதால் அதற்கு எப்போதும் கூடுதல் நேரம் வேண்டும்.

நேரம் குறைவாக இருப்பதுதான் அதிகமாக இருப்பதை விட ஆபத்து. அதிகமானால் வண்டி தலையாட்டும், அவ்வளவுதான். குறைந்தால் பற்கள் பாதி கோத்த நிலையில் லோடு திரும்ப ஏறும், முனை மழுங்கும். மழுங்கிய டாக் பிறகு கிளட்ச் பிடித்து மாற்றினாலும் கியரை வெளியே தள்ளும், அதைச் சரிசெய்ய இன்ஜினையே பிரிக்க வேண்டும். த்ராட்டிலை மூடிக்கொண்டு மேல் கியர் போடுவதும் இதே கதைதான்: அப்போது சக்கரம்தான் இன்ஜினை இழுக்கிறது, பற்கள் மறுபக்கம் இறுகி நிற்கின்றன, ஸ்பார்க்கை வெட்டி ஒன்றும் தளராது. சிட்டி நெரிசலில் கிளட்ச் பிடியுங்கள்.

சென்னைக்கு அருகே இருங்காட்டுக்கோட்டை ரேஸ் ட்ராக்கிற்குப் போகிறவருக்கும், ஹைவேயில் 6,000-க்கு மேல் ஓட்டுகிறவருக்கும் கப்ளர் ஒயரிங், ஆர்.பி.எம். மேப் உள்ள கிட் கொடுத்த காசுக்குத் தகும். தினம் கிண்டி சிக்னலில் நிற்கிறவர் அந்தக் காசுக்கு நல்ல டயர் போடலாம்.

மாட்டி 500 கிலோமீட்டர் ஆனதும் எம்6 லாக் நட்கள் எல்லாவற்றையும் மறுபடி பாருங்கள். 8 முதல் 10 நியூட்டன் மீட்டர் போதும், அதற்கு மேல் முறுக்கினால் சென்சார் ஸ்டட் உடையும். நட் கழலாமல் பிடிக்கும் பசையான நீல லாக்டைட் ஒரு சொட்டு, சிவப்பு வேண்டவே வேண்டாம். ஐந்தாவது கியரில் லாக் நட் கழன்று ராடு தொங்கினால், வீடு வரை ஐந்தாவது கியர்தான்.